கதை சொல்பவரை நம்பலாமா?

எல்கடுவ போன்ற ஒரு சிற்றூரிலே செய்தி தானாக நடந்து வருவதில்லை. யாரேனும் ஒருவருடைய நாவில் ஏறித்தான் வரும். மாத்தளையிலிருந்து மலையேறி வரும் பாதையில் பஸ்ஸைவிட்டு இறங்கும் புதியவர் ஒருவர், தேத்தண்ணிக் கடையிலே ஒரு கோப்பையை முடிப்பதற்குள் ஊரின் வரலாறு முழுவதையும் அறிந்துவிடலாம். எந்தத் தோட்டத்தில் எந்தத் துரை எதற்காக மாற்றலாகிப் போனார், தபாற்கந்தோர்க்காரருக்கும் கடை முதலாளிக்கும் ஏன் பேச்சுவார்த்தையில்லை, யாருடைய மகள் யாரை மணக்க மறுத்தாள் என்பனவெல்லாம் வரிசையாகக் கிடைக்கும். சொல்பவர் சிரித்துக்கொண்டே சொல்வார், கேட்பவரும் சிரிப்பார். சொல்லப்பட்டவர் யாரோ அவர் மட்டும் அந்த இடத்தில் இருக்கமாட்டார்.

இந்த எளிய நிலைமையை ஒரு கலைமுறையாகவே வளர்த்தெடுத்தவர்கள் அமெரிக்கச் சிறுகதை ஆசிரியர்கள். கதையை ஆசிரியர் தம் குரலில் சொல்லாது, ஊரிலுள்ள ஒருவனிடம் ஒப்படைத்துவிட்டுத் தாம் ஒதுங்கிக்கொள்வார். அவனோ தான் சொல்வதன் பொருளைத் தானே உணராதவனாக இருப்பான். அல்லது தன் குற்றத்தை மறைக்கச் சொல்பவனாக இருப்பான். வாசகர் அவன் சொற்களைக் கேட்டுக்கொண்டே அவன் சொல்லாத உண்மையைத் தேடவேண்டும். வேய்ன் பூத் என்னும் அமெரிக்கத் திறனாய்வாளர் 1961ஆம் ஆண்டு வெளியிட்ட, புனைகதையின் சொல்லாட்சி பற்றிய தமது நூலில் இத்தகையோரை நம்பத்தகாத கதைசொல்லி என்று பெயரிட்டு அழைத்தார். பெயர் புதிதாயினும் பொருள் பழையது. மார்க் ட்வெயின் 1865ஆம் ஆண்டிலேயே, கலிபோர்னியச் சுரங்க ஊரொன்றில் தவளைப் பந்தயம் நடந்த கதையைச் சைமன் வீலர் என்னும் முதியவர் வாயிலாகச் சொல்லவைத்தார். அம்முதியவர் முகத்தில் ஒரு சிறு முறுவலும் தோன்றாது. நகைச்சுவை முழுவதும் அந்த முகத்திலேதான் இருக்கிறது.

ஆயினும் இம்முறையின் கூர்மையை அறிய விரும்புவோர் படிக்கவேண்டியது ரிங் லார்ட்னர் 1925ஆம் ஆண்டு எழுதிய ‘முடிவெட்டு’ என்னும் கதையையே. லார்ட்னர் மிச்சிகன் மாநிலத்தில் நைல்ஸ் என்னும் சிறு நகரில் 1885ஆம் ஆண்டு பிறந்தவர். பத்திரிகைகளில் விளையாட்டுச் செய்திகள் எழுதிப் பெயர் பெற்றவர். விளையாட்டு வீரர்கள் பேசும் கொச்சை மொழியைக் கேட்டுக் கேட்டு அவருடைய செவி பழகியிருந்தது. அந்தச் செவியே அவரைப் பெரிய எழுத்தாளராக்கியது எனலாம்.

கதை நிகழுமிடம் ஒரு சலூன். ஊருக்குப் புதியவர் ஒருவர் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். வைட்டி என்னும் முடிதிருத்துபவர் கத்தரியோடு நாவையும் ஓட்டுகிறார். அண்மையில் இறந்துபோன ஜிம் கெண்டல் என்பவனைப் பற்றி அவர் பேசுகிறார். ஜிம் இருந்தவரையில் சனிக்கிழமைதோறும் கடையே சிரிப்பால் அதிருமாம். அவனைப்போல வேடிக்கைக்காரன் ஊரிலேயே இல்லையாம். அவனுடைய பெயர் பொறித்த சவரக் கிண்ணம் இன்னும் அலமாரியில் இருக்கிறதாம். பிறகு அந்த வேடிக்கைகளை ஒவ்வொன்றாக விரிக்கிறார். தகரத்தில் அடைத்த உணவுப் பொருள் விற்கும் வேலையிலே ஊரூராகச் சென்ற காலத்தில், இரயிலிலிருந்து கடைகளின் பெயர்ப்பலகைகளைப் பார்த்து வைத்துக்கொண்டு, முன்பின் அறியாத அக்கடைக்காரர்களுக்கு அவர்களுடைய மனைவியர் மீது ஐயம் எழும்படி பெயரில்லாத அஞ்சலட்டைகள் அனுப்பினான். சம்பளத்தை வீட்டுக்குக் கொடாமையால் அவன் மனைவி அதை நேரே முதலாளியிடம் பெற்றுக்கொள்ள முயன்றபோது, பழிவாங்குவதற்காக அவளையும் பிள்ளைகளையும் சர்க்கஸ் கூடாரத்து வாயிலில் காத்திருக்கச் சொல்லிவிட்டுத் தான் போகவேயில்லை. பிள்ளைகள் அழுதுகொண்டு நின்றனர். புதிதாய் வந்த ஸ்டேர் என்னும் வைத்தியரே சீட்டு வாங்கிக் கொடுத்து உள்ளே அனுப்பினார்.

இவற்றையெல்லாம் வைட்டி நகைப்போடுதான் சொல்கிறார். நாமும் முதலில் சற்று நகைக்கிறோம் என்பதே இக்கதையின் பொறி. அஞ்சலட்டை வரையில் சிரித்தவர் சர்க்கஸ் வாயிலில் தயங்குவார். ஜூலி கிரெக் என்னும் பெண்ணின் கதை வரும்போது சிரிப்பு முற்றும் நின்றுவிடும். அவள் வைத்தியரை மனத்துள் விரும்புகிறாள். ஜிம்மோ அவளை அடைய முயன்று அவமானப்பட்டவன். ஒருநாள் இரவு தொலைபேசியில் வைத்தியரின் குரலை நடித்து அவளை வரவழைக்கிறான். அவள் நம்பி வந்து கதவருகே நின்று அழைக்க, மாடிப்படியின் கீழே ஒளிந்திருந்த ஜிம்மும் தோழர்களும் வெளிப்பட்டு, அவள் ஓட ஓடக் கூவி நகைக்கிறார்கள்.

அவ்வூரில் பால் என்றொரு இளைஞன் இருக்கிறான். சிறு வயதில் மரத்திலிருந்து விழுந்து மூளை பழுதுற்றவன் என்று ஊரார் அவனை ஒதுக்கி வைத்திருந்தனர். ஜிம்முக்கு அவன் ஒரு விளையாட்டுப் பொருள். அவனிடம் அன்பு காட்டியவர்கள் வைத்தியரும் ஜூலியும் மட்டுமே. நடந்ததை அவன் வைத்தியரிடம் சொல்கிறான். இப்படிச் செய்பவன் உயிரோடிருக்கத் தக்கவன் அல்லன் என்ற பொருள்பட வைத்தியர் ஏதோ சொல்லிவிடுகிறார். சில நாட்களில் ஜிம் வாத்து வேட்டைக்குப் போகிறான். துணைக்கு வேறு ஆளின்றிப் பாலைப் படகில் ஏற்றிக்கொள்கிறான். பாலின் கையிலிருந்த துப்பாக்கி வெடித்து ஜிம் இறக்கிறான். மரண விசாரணை அதிகாரியும் அதே வைத்தியர்தான். அது விபத்து என்று முடிவு செய்கிறார்.

வைட்டியும் அதை விபத்தென்றே நம்புகிறார். துப்பாக்கி பிடித்தறியாதவனிடம் அதைக் கொடுத்தது ஜிம்மின் பேதைமை என்று வருந்தி, வாடிக்கைக்காரரின் தலைமுடியை எவ்வாறு வாரிவிடவேண்டும் என்று கேட்பதோடு கதை முடிகிறது. கொலை என்ற சொல் கதையில் எங்கும் இல்லை. நாற்காலியிலிருந்தவர் ஒரு சொல்லும் பேசவில்லை. ஆனால் நாம் அறிந்துகொண்டோம்.

எவ்வாறு அறிந்தோம்? இங்கேதான் இம்முறையின் நுட்பம் உள்ளது. வைட்டி ஓரிடத்திலும் பொய் சொல்லவில்லை. கண்டதையும் கேட்டதையும் ஒன்றும் மறைக்காது அடுக்குகிறார். அவருடைய செய்திகள் நம்பத்தக்கவை. நம்பத்தகாதது அவருடைய மதிப்பீடு. செய்திக்கும் அதற்கு அவர் இடும் பெயருக்கும் இடையே ஒரு பிளவு தோன்றுகிறது. கொடுமையைச் சொல்லி அதற்கு வேடிக்கை என்று பெயரிடுகிறார். வாசகர் அந்தப் பிளவினூடாக உள்ளே நுழைந்து கதையைத் தாமே மறுபடி கட்டிக்கொள்கிறார். அங்கதத்தின் குறியும் ஜிம் என்ற தனி மனிதன் அல்லன். ஜிம் இறந்துவிட்டான், அவனுக்காகச் சிரித்த கடை இன்னும் திறந்திருக்கிறது.

வேறு வகைக் கதைசொல்லிகளும் உண்டு. யூடோரா வெல்ட்டி 1941ஆம் ஆண்டு வெளியிட்ட கதையொன்றில், மிசிசிப்பி மாநிலத்துச் சிற்றூர் ஒன்றின் தபாற்கந்தோர்ப் பொறுப்பாளரான பெண், தான் ஏன் குடும்பத்தைவிட்டுத் தபாற்கந்தோரிலேயே குடியேறினாள் என்பதை விளக்குகிறாள். கணவனைப் பிரிந்து குழந்தையோடு வீடு திரும்பிய தங்கை, வீட்டார் ஒவ்வொருவரையும் தனக்கு எதிராகத் திருப்பிவிட்டாள் என்பது அவள் வழக்கு. வழக்கின் ஒரு பக்கம் மட்டுமே நமக்குக் கேட்கிறது. கோபத்தோடு வீட்டிலிருந்து ஒவ்வொரு பொருளாகப் பறித்துக்கொண்டு போகிறாள். வானொலிப் பெட்டியையும் விடவில்லை! இறுதியில் தான் மிக மகிழ்ச்சியாக இருப்பதாக அவள் வற்புறுத்தும்போது அவளுடைய தனிமை நமக்குப் புலனாகிறது. வைட்டி அறியாமையால் உண்மையைத் தவறவிடுகிறார். இவளோ தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வதால் தவறவிடுகிறாள். வில்லியம் பாக்னர் 1930ஆம் ஆண்டு எழுதிய எமிலி என்னும் முதுமகளின் கதையில் ‘நாங்கள்’ என்று ஓர் ஊரே பேசுகிறது. ஊரின் வம்பே அங்கு கதைசொல்லி.

அமெரிக்கச் சிற்றூர் இவ்வளவு கடுமையாக ஏன் எள்ளப்பட்டது என்ற வினாவுக்கு விடை நெடியது. இங்கே அதனைத் தொட்டுச் செல்வோம். சிற்றூரே நாட்டின் நற்குணங்களுக்கு உறைவிடம் என்ற நம்பிக்கை அந்நாட்டில் வேரூன்றியிருந்தது. சிற்றூர்களில் பிறந்து பெருநகரங்களுக்குச் சென்ற எழுத்தாளர் தலைமுறையொன்று அந்நம்பிக்கையைத் தன் நினைவோடு ஒப்பிட்டுப் பார்த்தது. ஷெர்வுட் ஆண்டர்சனின் வைன்ஸ்பர்க் கதைகள் 1919இலும், சிங்க்ளேர் லூயிஸின் ‘மெயின் ஸ்ட்ரீட்’ நாவல் 1920இலும் வெளிவந்தன. லூயிஸ் உரத்த குரலில் எள்ளினார். இன்று படிக்கும்போது அந்தக் குரல் சற்று அலுப்பூட்டுகிறது. லார்ட்னர் தம் குரலையே காட்டாமையால் அவருடைய எள்ளல் இன்னும் ஆறவில்லை.

தமிழருக்கு இவையெல்லாம் அயல்நாட்டுப் புதுமை என்று தோன்றலாம். அவ்வாறு எண்ணத் தேவையில்லை. சொல்பவர் யார் என்று கேளாமல் சொல்லின் பொருளைக் காணமுடியாது என்பதை நம் இலக்கணம் மிகப் பழங்காலத்திலேயே உணர்ந்திருந்தது. தொல்காப்பியர் செய்யுளியலில் செய்யுளின் உறுப்புக்களை எண்ணும்போது கூற்று என்பதை ஓர் உறுப்பாகவும், கேட்போர் என்பதை வேறோர் உறுப்பாகவும் வைத்தார். கேட்பவரையும் செய்யுளின் உறுப்பாகக் கொண்ட இலக்கணம் எளிதான ஒன்றன்று. அகப்பாடல்களிலே புலவர் தம் பெயரால் பேசுவதில்லை. தலைவி, தோழி, செவிலி, பரத்தை என ஒருவர் கூற்றாகவே பாட்டு அமையும். ஆலங்குடி வங்கனாரின் குறுந்தொகைப் பாட்டொன்று பரத்தை கூற்று. தலைவியைச் சார்ந்தோர் காதில் விழுமாறு அவள் பேசுகிறாள்: தன்னிடத்தில் பெருமொழி பேசிய தலைவன் தன் வீட்டில் மனைவிக்குக் கண்ணாடிப் பாவைபோல் ஆடுகிறான் என்று பழிக்கிறாள். அவள் சொல்வது உண்மையா? அவள் பழிக்கப்பட்டவள், பழிக்குப் பழி சொல்பவள். அவள் வரைந்த தலைவனை அப்படியே நாம் ஏற்கவேண்டியதில்லை. உரைகாரர் கூற்றும் கேட்போரும் இன்னார் என்று முன்னரே எழுதி வைத்தது, பாட்டை அவ்வாறு எடை போட்டுப் படிக்கும்பொருட்டே.

இக்காலப் புனைகதையிலே அமெரிக்க முறைக்கு மிக அண்மையில் நிற்பவர் சென்னையில் 1906ஆம் ஆண்டு பிறந்த ஆர். கே. நாராயண். ஆங்கிலத்தில் எழுதினாலும் அவர் படைத்த மால்குடி நமக்கு அயலூர் அன்று. அவ்வூர்க் கதைகள் சிலவற்றைச் சொல்பவர் ஒரு பேச்சுக்காரர். ஓயாது பேசுவதனாலேயே அப்பெயர் பெற்றவர். ‘புலியின் நகம்’ என்னும் கதையில், வேட்டைக்காரர்கள் கொன்று கொணர்ந்த ஆட்கொல்லிப் புலியைச் சுற்றி ஊர் கூடியிருக்கிறது. அப்புலியைத் தாம் முன்பே எதிர்கொண்டதாகப் பேச்சுக்காரர் தொடங்குகிறார். உர வியாபாரக் கம்பெனியின் முகவராகத் திரிந்த காலத்தில், ஒரு சிறு இரயில் நிலையத்து அறையில் இரவு தங்கியபோது புலி நுழைந்ததாம். மேசை நாற்காலிகளை அரணாக்கிக்கொண்டு, உள்ளே நீண்ட பாதத்திலிருந்து மூன்று நகங்களைக் கத்தியால் அறுத்தாராம். சரி, பார்ப்போம் என்று புலியின் பாதத்தைப் பார்க்கிறார்கள். மூன்று நகங்கள் இல்லை! பேச்சுக்காரர் வென்றார் என்று எண்ணும் வேளையில் வனத்துறை மனிதர் ஒருவர் சொல்கிறார்: காட்டுவாசிகள் சிலர் புலிக்குட்டிகளைப் பிடித்து, தாயத்துக்காக நகங்களை வெட்டிக்கொண்டு விட்டுவிடுவது உண்டு என்று.

ஒரே சான்று இரு கதைகளுக்கும் பொருந்துகிறது. ஆசிரியர் தீர்ப்புச் சொல்லவில்லை. ‘லாலி ரோட்’ என்னும் கதையிலோ அதே பேச்சுக்காரர் நகரசபையின் கூத்தை விவரிக்கிறார். நாடு விடுதலை பெற்றபின், தேசப்பற்று மேலீட்டால் தெருக்களின் பெயர்களையெல்லாம் மாற்றிய நகரசபை, பிரெடெரிக் லாலி என்ற ஆங்கிலேயரின் சிலையையும் அகற்ற முனைகிறது. பேச்சுக்காரர் அதைப் பெயர்த்துத் தம் வீட்டுக்குக் கொண்டுபோகிறார். பின்னர், கொடுங்கோலராகிய லாலி வேறொருவர் என்றும், சிலைக்குரியவர் ஊருக்கு உழைத்து உயிர் நீத்த நல்லவர் என்றும் தெரியவருகிறது. சிலையோ வீட்டுக்குள் பாதியும் தெருவில் பாதியுமாகக் கிடக்கிறது. முடிவில் நகரசபைத் தலைவர் அந்த வீட்டையே நினைவிடமாக விலைக்கு வாங்குகிறார். இக்கதையைச் சொல்பவரே உள்ளூர் நிருபர். ஊரைக் கிளறிவிட்டவரும் அவர், இலாபம் கண்டவரும் அவர் என்பதைச் சிரிப்பினிடையே மறந்துவிடலாகாது.

நாராயணின் அங்கதம் ஊரை நோகச் செய்வதில்லை. மால்குடியில் எல்லாரும் மாலையில் வீடு திரும்புகிறார்கள். அஃது அவருடைய வரம். என் கருத்தில் அவருடைய எல்லையுமாகும். அக்கடுமையைத் தமிழிலே காண வேண்டுவோர் புதுமைப்பித்தனிடம் செல்லவேண்டும். அவருடைய ‘காஞ்சனை’யில் கதை சொல்பவர் ஓர் எழுத்தாளர், உறக்கமின்மையால் வருந்துபவர். வீட்டு வேலைக்கு வந்த பெண்ணை அவர் பேயென அஞ்சுகிறார். அச்சம் வீட்டில் இருக்கிறதா, அவர் கண்ணில் இருக்கிறதா என்று இறுதிவரை தெளியாது. அவரே ‘துன்பக்கேணி’ என்னும் நெடுங்கதையில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குச் சென்றவர்களின் வாழ்வைக் காட்டினார். ஆனால் அங்கு அவர் தம் சினங்கொண்ட குரலிலேயே பேசுகிறார்.

தோட்டம் என்றவுடன் நம் மலைநாட்டிலே வழங்கும் கதையொன்று நினைவுக்கு வருகிறது. தென்னிந்தியக் கிராமங்களில் ஆள் சேர்க்கச் சென்ற கங்காணி, கண்டிச் சீமையிலே தேயிலைத் தூரைக் கிளறினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று சொன்னதாகவும், அதை நம்பி மக்கள் கப்பலேறியதாகவும் அக்கதை கூறும். எல்கடுவையைச் சூழ்ந்த லயங்களிலும், மலையகத்தின் எந்தத் தோட்டத்திலும், பெரியவர் எவரைக் கேட்டாலும் இதைச் சொல்வார், சொல்லிச் சிரிப்பார்.

இக்கதையைச் சற்று நிறுத்திப் பார்ப்போம். முதலாவதாக அதனுள் ஒரு கதைசொல்லி இருக்கிறார்: கங்காணி. அவர் பிறநாட்டவர் அல்லர். பெரும்பாலும் அதே ஊரினர், உறவினரும் ஆவார். அவர் கொண்டுவந்த ஆட்கள் வேலைக்கு இறங்கும் நாள்தோறும் தலைக்கு இவ்வளவு என்று அவருக்குக் காசு உண்டு. ஆதாயமுள்ளவர் சொல்லும் கதை அது. ஆகவே அவரை நம்பத்தகாதவர் என்று கொள்வதில் தடையில்லை.

ஆனால் அதோடு நின்றுவிட்டால் நாம் வைட்டியின் நாற்காலியிலே அமர்ந்தவராவோம். இரண்டாவது கதைசொல்லி ஒருவர் இருக்கிறார்: கங்காணி இப்படிச் சொன்னான் என்று நமக்குச் சொல்பவர். அவர் கூற்றின்படி, கடல் கடந்து வந்த அத்தனை ஆயிரம் பேரும் மரத்தில் காய்க்கும் தேங்காயைச் செடியின் அடியிலே தேடிய பேதையர். இதை நம்பலாமா? கோப்பிக் காலத்திலே அவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே தம்புள்ளை கடந்து, மாத்தளை ஊடாகக் கண்டிக்கு நடந்தார்கள். பாதை ஓரங்களிலே வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் மாண்டவர் பலர். இச்செய்தி ஊர்களை எட்டாமலிருக்கவில்லை. கோப்பிப் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பியவர் பெருந்தொகையினர். கண்டிச் சீமை எத்தகையது என்று அறிந்தவர்கள் ஒவ்வொரு கிராமத்திலும் இருந்தனர். அறிந்திருந்தும் மக்கள் புறப்பட்டார்கள். 1876ஆம் ஆண்டு தொடங்கி 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தையும், நிலமின்மையையும், பண்ணையடிமைத்தனத்தையும், சாதிக் கொடுமையையும் வைத்துப் பார்க்கும்போது அவர்கள் புறப்பட்டதற்குத் தேங்காய் வேண்டியதில்லை.

அப்படியானால் இந்தத் தேங்காய்க் கதையால் ஆதாயம் பெறுவோர் யார்? பேதையரை ஏமாற்றியது கங்காணி என்று முடித்துவிட்டால், பஞ்சத்தில் தானியத்தைக் கப்பலேற்ற விட்ட ஆட்சி கதைக்கு வெளியே நின்றுவிடுகிறது. தோட்ட முதலாளி நின்றுவிடுகிறார். ஊர்ப் பண்ணையாரும் நின்றுவிடுகிறார். மிஞ்சுவது ஒரு வேடிக்கை. அக்கதையைத் தொழிலாளரே தம் முன்னோரைப் பற்றிச் சொல்லும்போது அதிலொரு கசப்பு உண்டு. அதே கதையை வெளியார் சொல்லும்போது அக்கசப்பு மறைந்து, சிரிப்பு மாத்திரம் எஞ்சுகிறது. சொல் ஒன்றே; கூற்றும் கேட்போரும் வேறு.

லார்ட்னரின் ஊரில் பாலை அறிவிலி என்று எல்லாரும் அழைத்தனர். அவன்முன் எதையும் பேசலாம், அவனுக்குப் புரியாது என்று எண்ணினர். அவனோ வைத்தியர் சொன்ன ஒரு சொல்லைக் கேட்டு மனத்தில் வைத்திருந்தான். தோட்டத்து மக்களும் கேட்டு வைத்திருந்தார்கள். சி. வி. வேலுப்பிள்ளை தோட்டந்தோறும் வழங்கிய நாட்டார் பாடல்களைத் திரட்டியபோது அது வெளிப்பட்டது. கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் துரையையும் பெயர் சுட்டி எள்ளும் பாடல்கள் அவற்றிலே உண்டு. அறியாதவர் என்று கருதப்பட்டோர் தம்மை ஆள்வோரை உற்று நோக்கிக்கொண்டே இருந்தனர் என்பதற்கு அவை சான்று. தோட்ட வரலாற்றை எழுதப் புகுவோர் துரைமாரின் நினைவுக் குறிப்புக்களைப் படிக்கும் அளவு கவனத்தோடு இப்பாடல்களைப் படிப்பதில்லை. துரைமாரின் குறிப்புக்களில் தொழிலாளி பெரும்பாலும் குழந்தையுள்ளம் படைத்தவனாகவே வருகிறான். அங்கேயும் சொல்பவர் யார் என்று கேட்பது நன்று.

எழுத்திலும் ஒரு கதைசொல்லி இருந்தது. துண்டு என்று அதற்குப் பெயர். தொழிலாளி ஒரு தோட்டத்தைவிட்டு மற்றொன்றுக்குப் போகவேண்டுமானால், அவன் பெயரில் உள்ள கடன் இவ்வளவு, அதைச் செலுத்தினால் அவனை விடுவோம் என்று எழுதிய சீட்டு அது. கடன் எப்படி ஏறியது, வழிச்செலவில் எவ்வளவு, கங்காணியின் கணக்கில் எவ்வளவு என்பதை அது சொல்லாது. எழுதியவர் ஒருவர், படித்தவர் மற்றொரு தோட்டத்தவர். யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவருக்கு எழுத்தறிவில்லை. இம்முறை 1921ஆம் ஆண்டு சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.